யூபிஎஸ்ஆர் போன பிறகு, பிள்ளையின் நிலை பெற்றோருக்குத் தெரிகிறதா?

உலு திராம் வட்டாரத்தில் தமிழ்ப்பள்ளிக்குப் பிள்ளைகளை அனுப்பும் பெற்றோருக்குப் பள்ளிச் செய்தி வராமல் இல்லை. விளையாட்டுப் போட்டி, பொங்கல் விழா, ஆசிரியர் தினம், பரிசளிப்பு என்று புலனக் குழுவிலும் முகநூலிலும் படங்கள் வந்துகொண்டே இருக்கின்றன. பார்க்க மகிழ்ச்சியாகத்தான் இருக்கிறது. ஆனால், "உங்கள் பிள்ளை தமிழில் ஒரு பக்கத்தைத் தடங்கல் இல்லாமல் வாசிக்கிறதா? மலாய்மொழியில் சொந்தமாக நான்கு வரி எழுதுமா? கணிதத்தில் எந்தப் பகுதியில் தடுமாறுகிறது?" என்று கேட்டுப் பாருங்கள். பலரிடம் பதில் இருக்காது.

இதற்கு ஆசிரியரையோ பெற்றோரையோ மட்டும் குறை சொல்ல முடியாது. தேர்வு முறை மாறியது. நாம் வாழும் இடமும் வேலை நேரமும் மாறின. இந்த மாற்றங்களுக்கு இடையில், பிள்ளையின் படிப்பைப் பற்றிய செய்தி வீட்டுக்கு வரும் வழி மட்டும் சரியாக அமையவில்லை.

எட்டு ஏ காலம் முடிந்தது

1988 முதல் யூபிஎஸ்ஆர் தேர்வுதான் ஆரம்பப் பள்ளியின் அளவுகோலாக இருந்தது. 2016-க்கு முன் ஏழு ஏ, 2016 முதல் எட்டு ஏ. படிக்காத பெற்றோருக்கும் அது புரிந்தது. பிள்ளை எத்தனை ஏ வாங்கியது என்பதை வைத்துப் பள்ளியையும் அளந்தோம், பிள்ளையையும் அளந்தோம்.

கடைசியாக யூபிஎஸ்ஆர் நடந்தது 2019-இல். கோவிட் காரணமாக 2020-ஆம் ஆண்டுத் தேர்வு ரத்தானது. 2021 ஏப்ரல் 28-ஆம் தேதி, அத்தேர்வு முற்றாக நீக்கப்படுவதாக அப்போதைய கல்வி அமைச்சர் முகமட் ரட்சி ஜிடின் அறிவித்தார். ஒன்று முதல் மூன்றாம் ஆண்டு வரையிலான தேர்வுகள் அதற்கு முன்பே, 2019-இல், நிறுத்தப்பட்டுவிட்டன.

இப்போது நடப்பில் இருப்பது வகுப்பறை மதிப்பீடு. ஆண்டு முழுவதும் பிள்ளை வகுப்பில் செய்யும் வேலைகளைப் பார்த்து ஆசிரியரே அதன் நிலையை முடிவு செய்கிறார். நான்காம் ஆண்டு முதல் ஆறாம் ஆண்டு வரை, கல்வியாண்டு இறுதியில் ஒரு தேர்வும் உண்டு. அதைத் திருத்துவதும் பள்ளி ஆசிரியர்கள்தான்.

இதில் நன்மை இருக்கிறது. பதினொரு, பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளை ஓராண்டு முழுக்க மாதிரித் தாள்களில் மூழ்க வைத்த அழுத்தம் குறைந்தது. தேர்வுக்கு வராத திறமைகளையும் ஆசிரியர் கவனிக்க முடிகிறது. ஆனால் பழைய முறையில் பெற்றோருக்கு ஒரே நாளில் கிடைத்த செய்தி, புதிய முறையில் ஆண்டு முழுவதும் சிறிது சிறிதாக வரவேண்டும். அது வராவிட்டால், பெற்றோர் முன்பைவிட இருட்டில் இருப்பார்கள்.

1 என்றால் முதலிடம் இல்லை

மதிப்பீட்டு அறிக்கையில் ஒவ்வொரு பாடத்துக்கும் 1 முதல் 6 வரை ஓர் எண் இருக்கும். இது அடைவுநிலை. வகுப்பில் முதலிடம், இரண்டாமிடம் என்று பார்த்துப் பழகியவர்கள் இதைத் தலைகீழாகப் புரிந்துகொள்ள வாய்ப்புண்டு. இங்கே 6 தான் உயர்ந்தது, 1 தான் தாழ்ந்தது.

சுருக்கமாகச் சொன்னால், முதல் நிலையில் உள்ள பிள்ளைக்கு அடிப்படை மட்டும் தெரியும். இரண்டாம் நிலையில் தெரிந்ததைப் புரிந்தும் வைத்திருக்கும். மூன்றாம் நிலையில் தெரிந்து, புரிந்து, செய்தும் காட்டும். நான்கும் ஐந்தும் அதற்கு மேல், ஒழுங்கோடும் முறையோடும் செய்யும் நிலைகள். ஆறாம் நிலையில் உள்ள பிள்ளை மற்றவர்களுக்கு முன்மாதிரி.

மூன்று என்பதே குறைந்தபட்ச எல்லை. அதற்குக் கீழே இருக்கும் பிள்ளைக்கு உதவி தேவை. நம் நாட்டில் பிள்ளை ஓர் ஆண்டில் பின்தங்கினாலும் அடுத்த ஆண்டுக்குத் தானாகவே ஏறிவிடும். ஆகவே இரண்டாம் ஆண்டில் மொழிப் பாடத்தில் 1 அல்லது 2 என்று இருந்ததை யாரும் பேசாமல் விட்டால், அந்தக் குறை ஆறாம் ஆண்டு வரை கூடவே போகும். தமிழ்ப்பள்ளிப் பிள்ளை நேராக முதலாம் படிவத்துக்குப் போவதா, புகுமுக வகுப்பில் ஓராண்டு இருப்பதா என்பது மலாய்மொழி அடைவுநிலையைப் பொறுத்தது. அப்போதுதான் விஷயம் தெரிய வந்தால், நான்கு ஆண்டுகளை வீணாக்கிவிட்டோம் என்று பொருள்.

தோட்டத்தில் இருந்த நெருக்கம்

1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதில் பத்துப் பிள்ளைகள் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி நடத்த வேண்டும் என்றது. அப்படி வந்த தோட்டப் பள்ளிகள் பலவற்றில் வசதி குறைவு. ஆனால் ஒன்று இருந்தது. பள்ளி லயத்துக்குப் பக்கத்தில் இருந்தது, வாத்தியாரும் தோட்டத்திலேயே குடியிருந்தார். பிள்ளை பாடத்தில் பின்தங்கினால், கோயில் திருவிழாவிலோ கடைத் தெருவிலோ பார்க்கும்போது தகப்பனிடம் சொல்லிவிடுவார். அதற்குக் கூட்டமும் வேண்டியதில்லை, அறிக்கையும் வேண்டியதில்லை.

இன்று உலு திராமைச் சுற்றி டேசா செமர்லாங், புத்ரி வங்சா, பெஸ்தாரி இண்டா என்று வீடமைப்புப் பகுதிகள் பெருகிவிட்டன. பிள்ளை பள்ளி வேனில் போய் வருகிறது. பெற்றோரில் பலர் பாசீர் கூடாங் தொழிற்சாலைகளில் ஷிப்ட் வேலை செய்கிறார்கள். இன்னும் பலர் விடியுமுன் மோட்டார் சைக்கிளில் பாலம் கடந்து சிங்கப்பூருக்குப் போகிறார்கள். ஆசிரியரின் முகத்தையே ஆண்டுக்கு ஒருமுறைதான் பார்க்கிறார்கள்.

வார விடுமுறை தந்த வாய்ப்பு

இதில் ஜொகூர்காரர்களுக்கு இன்னொரு சிக்கலும் இருந்தது. 2014 முதல் 2024 வரை மாநிலத்தின் வார விடுமுறை வெள்ளியும் சனியும். ஞாயிற்றுக்கிழமை பிள்ளைக்குப் பள்ளி, சிங்கப்பூரில் வேலை செய்யும் அப்பாவுக்கு விடுமுறை. வெள்ளிக்கிழமை பிள்ளை வீட்டில், அப்பா வேலையில். பிள்ளையோடு உட்கார்ந்து புத்தகத்தைத் திறக்க வாரத்தில் ஒரு நாள் கிடைப்பதே பல குடும்பங்களுக்குப் பாடாக இருந்தது.

2025 ஜனவரி முதல் தேதியிலிருந்து ஜொகூரில் வார விடுமுறை மீண்டும் சனி, ஞாயிறு ஆகிவிட்டது. இதைக் கடைவீதிக்கும் கல்யாண வீட்டுக்கும் மட்டும் கிடைத்த வசதியாக நாம் எண்ணிவிடக் கூடாது. பள்ளிகள் பெற்றோர் சந்திப்பைச் சனிக்கிழமை காலையில் வைத்தால், பாலம் கடந்து வேலைக்குப் போகிறவர்களில் பலராலும் வர முடியும்.

பள்ளியால் செய்யக்கூடியது

அவசரச் செய்தி எவ்வளவு வேகமாகப் போகும் என்பதை நாம் பார்த்திருக்கிறோம். 2019 மார்ச் மாதம் சுங்கை கிம் கிம் ஆற்றில் இரசாயனக் கழிவு கொட்டப்பட்டு, பாசீர் கூடாங்கில் 111 பள்ளிகள் மூடப்பட்டபோது கைப்பேசிதான் பெற்றோருக்குக் கைகொடுத்தது. 2020-இல் பள்ளிகள் மூடிக் கிடந்தபோது பாடமே கைப்பேசி வழியாகத்தான் வந்தது. வழி ஏற்கெனவே இருக்கிறது. அதில் எதை அனுப்புகிறோம் என்பதுதான் கேள்வி.

மாதம் ஒருமுறை, வகுப்புக்கு ஒரு சிறு செய்தி போதும். இந்த மாதம் தமிழிலும் மலாயிலும் கணிதத்திலும் என்ன படித்தார்கள், பிள்ளைகள் அதிகம் தடுமாறுவது எதில், வீட்டில் பத்து நிமிடம் என்ன செய்யலாம், எந்தச் சனிக்கிழமை ஆசிரியரைப் பார்க்கலாம் ஆகிய நான்கு விவரங்கள் அதில் இருந்தால் போதும். தமிழ் வாசிக்கத் தெரியாத பெற்றோரும் நம்மிடையே உண்டு. அவர்களுக்குக் குரல் பதிவாகவே அனுப்பலாம்.

ஒரு பிள்ளையின் பலவீனத்தைக் குழுவில் போடக் கூடாது. அதைத் தனியாக, தொடர்புடைய பெற்றோரிடம் மட்டும் பேச வேண்டும். ஆசிரியர்களின் வேலைச் சுமையும் நமக்குத் தெரிந்ததுதான். இரவு பத்து மணிக்குப் புலனத்தில் கேள்வி கேட்டுவிட்டு உடனே பதில் எதிர்பார்ப்பது நியாயமாகாது. செய்தியைத் தொகுப்பதிலும் சந்திப்பை ஏற்பாடு செய்வதிலும் பெற்றோர் ஆசிரியர் சங்கம் தோள் கொடுக்கலாம். ஆண்டுக் கூட்டம் நடத்திக் கணக்கை ஒப்படைப்பதோடு சங்கத்தின் வேலை முடிந்துவிடவில்லை.

வீட்டில் செய்யக்கூடியது

ஆரம்பக் கல்வி 2003 முதல் கட்டாயம். பிள்ளையைப் பள்ளியில் சேர்க்காத பெற்றோருக்கு 5,000 வெள்ளி வரை அபராதம் விதிக்கவும் சட்டத்தில் இடமுண்டு. ஆனால் சேர்த்த பிறகு பிள்ளை என்ன கற்றது என்று கேட்க வைக்கும் சட்டம் எதுவும் இல்லை. அது நம் பொறுப்பு.

அறிக்கை கைக்கு வந்ததும் ஆசிரியரிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள். எந்தப் பாடத்தில் என் பிள்ளை 3-க்குக் கீழே இருக்கிறது? அதற்குப் பள்ளியில் என்ன உதவி செய்கிறீர்கள்? வீட்டில் நான் என்ன செய்ய வேண்டும்?

வீட்டில் பெரிய ஏற்பாடு ஒன்றும் தேவையில்லை. ஒரு பத்தியைப் பிள்ளை சத்தமாக வாசிக்க, நீங்கள் காது கொடுத்துக் கேளுங்கள். எங்கே தட்டுகிறது என்பது உங்களுக்கே தெரியும். சந்தைக்குப் போகும்போது மீதிச் சில்லறையைப் பிள்ளையைக் கணக்கிடச் சொல்லுங்கள். மின்சாரக் கட்டணச் சீட்டில் சென்ற மாதத்துக்கும் இந்த மாதத்துக்கும் எவ்வளவு வித்தியாசம் என்று கேளுங்கள். வீட்டுக்கு வரும் மலாய் அறிவிப்பைப் படித்துத் தமிழில் விளக்கச் சொல்லுங்கள். டியூசனுக்குப் பணம் கட்ட முடியாத குடும்பமும் இவற்றைச் செய்யலாம்.

மூன்றாம் ஆண்டில் கண்டுபிடிக்கும் குறையைச் சரிசெய்ய இன்னும் மூன்று ஆண்டுகள் கையில் இருக்கின்றன. ஆறாம் ஆண்டு இறுதியில் கண்டுபிடித்தால், பிள்ளை அந்தக் குறையோடு இடைநிலைப்பள்ளி வாசலில் நிற்கும். அடுத்த சனிக்கிழமை பள்ளி அழைத்தால் போய்வாருங்கள். அழைக்காவிட்டால், எப்போது வரலாம் என்று நீங்களே கேட்டு ஒரு செய்தி அனுப்புங்கள்.