ஆகாசவாணி யாருடைய வாணி?

நீலகிரியில் குன்னூரை அடுத்த ஜெகதளாவில் பசுந்தேயிலை பயிரிடும் சிறு விவசாயி ஒருவர் வானொலிப் பெட்டியைத் திருப்பினால், தேச நடப்பைப் பற்றி அவர் காதில் விழுவது ஆகாசவாணியின் செய்தியே. தனியார் பண்பலை நிலையங்கள் பாட்டையும் விளம்பரத்தையும் ஒலிபரப்பலாம். செய்தி சொல்ல விரும்பினால், ஆகாசவாணியின் செய்தியை மாற்றாமல் அஞ்சல் செய்யலாம் என்றே 2011-ஆம் ஆண்டுக் கொள்கை வகுத்தது. இவ்வாறு தனியுரிமை பெற்ற குரல் பட்சபாதமற்றதாக இருக்கவேண்டும் என்று பிரஜைகள் எதிர்பார்ப்பது மிகையாகாது.

அனுபவமோ வேறாக இருக்கிறது. 1977 பிப்ரவரி 6-ஆம் தேதி டில்லி ராம்லீலா மைதானத்தில் ஜெகஜீவன் ராம் பேசவிருந்த மாலையில், கூட்டத்தைக் குறைக்கும் நோக்குடன் தூர்தர்ஷன் ‘பாபி’ சினிமாவைக் காட்டிற்று என்ற புகார் எழுந்தது. ஜனங்கள் சினிமாவை விட்டு மைதானத்தில் திரண்டனர். 2014-இல் காங்கிரஸ் கூட்டணி ஆட்சியின்போது, எதிர்க்கட்சி வேட்பாளராக நின்ற நரேந்திர மோடியின் தூர்தர்ஷன் பேட்டியில் சில பகுதிகள் வெட்டப்பட்டன. அவரே பிரதமரான பின், 2017 சுதந்திர தினத்துக்காகத் திரிபுரா முதன்மந்திரி மாணிக் சர்க்கார் நிகழ்த்திய உரையைத் திருத்தித் தந்தாலன்றி ஒலிபரப்ப இயலாது என்று கூறப்பட்டது. 2024 தேர்தலில் சீதாராம் யெச்சூரியின் பிரசார உரையிலிருந்து சில சொற்கள் நீக்கப்பட்டன.

தேர்தல் கமிஷனின் விதிகளை அனுசரித்ததாக அதிகாரிகள் சமாதானம் கூறினர். விதி அவசியமே. ஆனால் கத்தரி ஆள்வோரின் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்வரை, நியாயமான வெட்டையும் ஜனங்கள் நம்பமாட்டார்கள்.

ஆட்சி மாறியும் நோய் மாறவில்லை யென்றால், கோளாறு அமைப்பில் இருக்கிறது என்பது வெளிப்படை. ஒலிபரப்பு அலைகள் பொதுச் சொத்து என்று 1995-இல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. 1990-இல் நிறைவேறிய பிரசார் பாரதி சட்டம் 1997-இல்தான் அமலுக்கு வந்தது. சுயாதிகாரம் என்று பெயர்; ஊழியர் சம்பளத்துக்கோ சர்க்கார் மானியத்தையே நம்பவேண்டியிருக்கிறது. படியளப்பவரை எதிர்த்துப் பேச எந்த ஊழியர் துணிவார்? அந்த ஸ்தாபனத்தைக் கண்காணிக்க 22 பார்லிமெண்டு அங்கத்தினர் கொண்ட குழுவுக்குச் சட்டத்தின் 13-ஆம் பிரிவு இடமளிக்கிறது. அது ஏட்டோடு நில்லாமல் நடைமுறைக்கு வரவேண்டும். மானியமும் மந்திரிசபையின் தயவைப் பொறுத்ததாக இராமல் சட்டப்படி நிச்சயிக்கப்பட வேண்டும்.

2023 செப்டம்பரில் பசுந்தேயிலைக்கு நியாய விலை கோரி நீலகிரிச் சிறு விவசாயிகள் உண்ணாவிரதம் இருந்தனர். அத்தகைய வேளையில் மந்திரியின் விளக்கமும் விவசாயியின் முறையீடும் ஒரே செய்தியில் சமமாக ஒலித்தால்தான் ஆகாசவாணி மக்களின் வாணியாகும்.

சகல கட்சித் தொண்டர்களையும் நாம் கேட்பது ஒன்றே. எதிர்த்தரப்பில் இருக்கையில் எழுப்பும் இந்தக் கோரிக்கையை, தங்கள் கட்சி பதவியேறிய மறுநாளும் எழுப்புவார்களா? அந்த மறுநாளில்தான் அவர்களுடைய நேர்மைக்குச் சோதனை.