தோற்ற படமும் பேசும்!

யூடியூபில் சேனல் நடத்தும் இளைஞர்களும், கடைச் சரக்கை வீடியோ எடுத்து விளம்பரம் செய்யும் வியாபாரிகளும் இன்று நம்மிடையே பெருகிவிட்டார்கள். வரவேற்க வேண்டியதுதான். ஆனால் "வீடியோ நன்றாகத்தான் இருக்கிறது, பார்க்கத்தான் ஆள் இல்லை" என்ற புலம்பலும் கூடவே பெருகியிருக்கிறது. அதற்குப் பரிகாரமாகப் பலரும், தம்ப்நெயில் எனப்படும் முகப்புப் படத்தை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்க்கிறார்கள்.

இது தவறா? இல்லை. எந்தத் துணியை வாசலில் தொங்கவிட்டால் வாடிக்கையாளர் நிற்கிறார் என்று பார்க்காத ஜவுளிக்கடைக்காரர் உண்டா? சோதனை செய்வது வியாபாரத்தின் பாலபாடம். ஆனால் அதை முறையாகச் செய்கிறோமா என்பதுதான் கேள்வி.

இதுவா சோதனை?

போன வாரம் ஒரு படம், இந்த வாரம் வேறொரு படம். இந்த வாரம் கூட்டம் அதிகம். எனவே புதுப் படமே சிறந்தது என்கிறார்கள். இந்த வாரம் பெருநாள் வாரமாக இருந்தால்? ஜவுளி வீடியோவைத் தேடி வந்தவர்களை அழைத்தது படமா, பெருநாளா?

ஒரே காலத்தில், ஒரு பகுதியினருக்கு ஒரு படமும் மற்றவர்களுக்கு வேறு படமும் காட்டினால்தான் உண்மை தெரியும். இந்த வசதியை 2024-ல் யூடியூப் நிறுவனமே பரவலாகத் திறந்துவிட்டது. கணினி வழியாக யூடியூப் ஸ்டுடியோவில் ஒரு வீடியோவுக்கு மூன்று படங்கள் வரை கொடுக்கலாம். பார்வையாளர்களிடையே அவற்றை யூடியூபே பிரித்துக் காட்டும். முடிவு வர இரண்டு வாரம் வரை ஆகலாம். பொறுமை வேண்டும். பத்து முறை நாணயத்தைச் சுண்டினால் ஏழு முறை தலை விழுவது அதிசயமல்ல. பத்துப் பேர் பார்த்ததை வைத்துத் தீர்ப்பு எழுதாதீர்கள்!

எதை வைத்துத் தீர்ப்பு?

இங்கே கவனியுங்கள். யூடியூப் வெற்றியாளரைத் தீர்மானிப்பது எத்தனை பேர் தொட்டார்கள் என்பதை வைத்து அல்ல. எவ்வளவு நேரம் பார்த்தார்கள் என்பதை வைத்துத்தான். ஒரு படம் 100 பேரை இழுக்கிறது. ஆளுக்கு 10 விநாடியில் ஓடிவிடுகிறார்கள். மொத்தம் 1,000 விநாடி. இன்னொன்று 60 பேரையே இழுக்கிறது. ஆளுக்கு 40 விநாடி இருக்கிறார்கள். மொத்தம் 2,400 விநாடி. எது லாபம்? மேலே நல்ல தக்காளியை அடுக்கி அடியில் அழுகலை வைத்தவன் கடைக்கு இரண்டாம் முறை யார் வருவார்?

சோதனைக்கு முன்பே ஒரு சோதனை

"பரபரப்பான படத்தையும் போட்டு வைப்போம், பொய் என்றால் சோதனையில் தோற்றுவிடுமே" என்று சிலர் வாதிடலாம். இங்கேதான் சிந்திக்க வேண்டும். மூன்று படங்களில் ஒன்று தோற்கும் முன், பார்த்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினரிடம் அது போய்ச் சேர்ந்திருக்கும். முகப்புப் படத்தைக் காண்பவர்களில் பெரும்பாலோர் வீடியோவைத் திறப்பதே இல்லை. அவர்களுக்கு அந்தப் படமே செய்தி! கலவரச் செய்தியோடு எங்கோ எடுத்த பழைய நெருப்புப் படத்தை ஒட்டினால், வீடியோவுக்குள் நீங்கள் சொல்லும் விளக்கம் அவர்கள் காதுக்கு எட்டுமா? படத்தை மட்டும் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பினால் தடுக்க முடியுமா?

வீடியோவில் இல்லாததைத் தலைப்பிலும் முகப்புப் படத்திலும் காட்டி ஏமாற்றுவோர் மீது, குறிப்பாகச் செய்தி வீடியோக்களில், இந்தியாவில் நடவடிக்கையைக் கடுமையாக்குவதாக 2024 டிசம்பரில் யூடியூப் அறிவித்தது. அந்தப் பயத்திற்காக மட்டும் அல்ல, நம் பெயருக்காகவும் திருந்த வேண்டும்.

எந்தப் படம் ஆளை இழுக்கும் என்பதைச் சோதனை சொல்லும். எந்தப் படம் உண்மை என்பதை அது சொல்லாது. அதை நாம்தான் பார்க்க வேண்டும். மூன்று படங்களைச் சோதியுங்கள். மூன்றும் உண்மையாக இருக்கட்டும். அப்போது எது வென்றாலும் உங்கள் நாணயம் தோற்காது!