கறுத்ததெல்லாம் எரிமலையா?

கரிசல் மண் எப்படி உருவானது? ‘எரிமலைக் குழம்பு இறுகிப் பாறையாகி, அது சிதைந்து உருவானது’ என்று எழுதினால் முழு மதிப்பெண். இந்த விடையோடு இன்னும் இரண்டு நம்பிக்கைகளும் ஒட்டிக்கொண்டு வருகின்றன. எரிமலைப் பாறை தானாகப் பொடிந்து மண்ணாகிவிடும் என்பது ஒன்று. அந்த மண்ணில் எதைப் போட்டாலும் விளையும் என்பது இன்னொன்று. மழை குறைந்த நாடுகளில் வைத்துப் பார்த்தால் மூன்றும் ஆட்டம் காண்கின்றன.

ஜாவாவில் எரிமலை மண் வளமானது என்பது சரிதான், மறுக்கவில்லை. அங்கே விழுவது கண்ணாடித் துகள் போன்ற நுண்ணிய சாம்பல். அதன் மேல் கொட்டுவது பெருமழை. சாம்பல் சீக்கிரமே சிதைந்து பயிருக்கு உணவாகிறது. ஜாவாவைப் பார்த்துச் சொன்னதை ஊர் உலகத்துக்கெல்லாம் பொருத்தியதுதான் கோளாறு.

வளம் என்ற நம்பிக்கைக்கு எல்லோரும் காட்டும் சாட்சி லான்சரோட்டே. ஆப்பிரிக்கக் கரைக்கு எதிரே, ஸ்பெயினின் கனேரித் தீவுகளில் ஒன்று அது; மழை ஆண்டுக்குச் சுமார் 150 மி.மீ.தான். 1730 செப்டம்பரில் தொடங்கிய வெடிப்பு 1736 வரை ஓயவில்லை. ஏறக்குறைய 290 ஆண்டுகள் கழிந்தும் குழம்பு ஓடிய பரப்பில் பாறையை ஒட்டி வளரும் பாசியினத்தைத் தவிரப் பெரிதாக ஒன்றும் முளைக்கவில்லை. ‘அங்கே திராட்சை விளைகிறதே’ என்பார்கள். விளைகிறது. ஆனால் லா ஹேரியா உழவர்கள் செய்தது என்ன? எரிமலை கக்கிய கருஞ்சரளையைத் தோண்டி, அடியில் புதைந்துபோன பழைய மண்ணைத் தேடிப் பிடித்து, அதில் கொடியை நட்டார்கள். சில குழிகள் ஆளை விட ஆழம். வேர் பிடித்திருப்பது வெடிப்புக்கு முந்தைய மண்ணில். சரளையின் வேலை, மழைநீரை உள்ளே விட்டு, வெயில் அதை உறிஞ்சாமல் காப்பது. நம் ஊர் விவசாயி போடும் மூடாக்குதான் அது. மூடாக்கை யாரும் மண் என்று சொல்வதில்லை.

அடுத்தது, பாறை தானே பொடிகிறது என்பது. எரிமலைப் பாறையான பசால்ட்டைக் களிமண்ணாக்குவது தண்ணீர். தண்ணீர் இல்லாவிட்டால் பல்லாயிரம் ஆண்டுகள் கல் கல்லாகவே கிடக்கும். அப்படியானால் கலிபோர்னியாவின் மொஹாவி பாலைவனத்தில், சிமா எரிமலைப் பகுதியின் பழைய குழம்புப் பாறைகள் மேல் கணிசமான மண் எப்படி வந்தது? அங்கே மேலே கற்கள் தளம் பாவியது போல நெருக்கமாகக் கிடக்கின்றன. அடியில் கல்லே இல்லாத நுண்ணிய வண்டல். நுண்மண்ணைக் காற்று அடித்துப்போக, கனமான கல் மட்டும் மிஞ்சியது என்றுதான் வெகுகாலம் நினைத்தார்கள். 1980களில் லெஸ்லி மக்ஃபாடன், ஸ்டீபன் வெல்ஸ் முதலான நிலவியலாளர்கள் இதைத் தலைகீழாக்கினார்கள். அந்த வண்டலில் குவார்ட்ஸ் இருந்தது. பசால்ட்டில் குவார்ட்ஸ் கிடையாது. பெற்றெடுக்காத பிள்ளை வீட்டுக்குள் இருக்கிறது என்றால் வெளியிலிருந்து வந்ததாகத்தானே இருக்க வேண்டும்? வறண்டுபோன ஏரிப்படுகைகளிலிருந்து காற்று அள்ளிவந்த தூசி அது. கற்களின் இடுக்கில் இறங்கி அடியில் சேரச் சேர, கற்கள் மேலே மிதப்பதுபோல உயர்ந்தன.

கற்கள் ஒருபோதும் புதைந்திருக்கவில்லை என்பதற்குச் சான்று 1995இல் வந்தது. வெட்டவெளியில் கிடக்கும் கல்லில் விண்கதிர்கள் பட்டு ஹீலியம்-3 சேர்ந்துகொண்டே போகும்; மண்ணுக்குள் கிடந்தால் அது சேர்வது குறையும். தளத்துக் கற்களின் கணக்கும் குழம்புப் பாறையின் கணக்கும் ஒத்துப்போயின. அந்த மண்ணுக்குப் பாறை திண்ணை கொடுத்தது, அவ்வளவுதான்.

ஹவாயின் கோஹாலா மலையில் இன்னொரு பாடம். ஏறக்குறைய 1,50,000 ஆண்டு வயதுள்ள ஒரே பாறை. கடலோரத்தில் ஆண்டு மழை 300 மி.மீ.கூடத் தேறாது, சில மைல் மேலே 3,000. கீழே சத்து இருக்கிறது, நீர் இல்லை. மேலே நீர் இருக்கிறது, சத்தையெல்லாம் அது கழுவிக்கொண்டு போய்விட்டது. பழங்குடி உழவர்கள் சர்க்கரைவள்ளிக்குத் தேர்ந்தெடுத்தது இரண்டுக்கும் நடுவில் உள்ள பட்டையை. மண்ணியல் படிக்காதவர்கள்!

இனி நம் கரிசல். விதர்பாவிலும் மராத்வாடாவிலும் கரிசலுக்கு அடியில் இருப்பது சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய தக்காணக் குழம்புப் பாறைதான். ஆனால் அந்தப் பாறை வட கர்நாடகத்தோடு முடிந்துபோகிறது. அங்கிருந்து, தமிழ்நாட்டின் கரிசல் பூமியான கோவில்பட்டி 700 கி.மீ.க்கு மேல். வெளுத்ததெல்லாம் பால் என்று நம்பியவர்களைச் சிரிக்கிறோம். கறுத்ததெல்லாம் எரிமலை என்று நாமே எழுதிவைத்திருக்கிறோம்.

கரிசலைக் கரிசலாக்குவது பாறையின் நிறம் அல்ல. வறண்ட வெயிலும், தாழ்ந்த சமதரையும், வடியாத நீரும் சேர்ந்தால், பாறையிலிருந்து பிரிந்த சிலிக்காவும் கால்சியமும் மக்னீசியமும் கழுவப்படாமல் தங்கி, ஊதிச் சுருங்கும் களியாகின்றன. கோடையில் பாளம் பாளமாக வெடிப்பது அந்தக் களி. கறுப்பு, களியோடு இறுகப் பிணைந்த மக்கிலிருந்து வருவது. அந்த மக்கும் சொற்பம், கரிமம் பெரும்பாலும் நூற்றுக்கு ஒன்றைத் தாண்டாது. அதனால்தான் ஒரே பாறையின் மேட்டில் செவலும் பள்ளத்தில் கரிசலும் பக்கத்துப் பக்கத்தில் கிடக்கின்றன.

சந்தேகம் இருப்பவர்கள் கோவில்பட்டிப் பக்கம் கிணறு வெட்டும் இடத்தில் போய் நிற்கலாம். கரிசல் முடிந்ததும் சுக்கான் என்னும் சுண்ணாம்புக் கட்டி, அதற்கும் கீழே பாறை. வெளியே அள்ளிக் கொட்டும் சில்லுகளில் வெள்ளைக் குவார்ட்ஸும் காக்காப்பொன்னும் (மைக்கா) மின்னும்.