வரைபடம் யாருக்காக?

பதுளை மாவட்டம் என்றதும் பலருக்கும் நினைவில் வருவது துன்ஹிந்த நீர்வீழ்ச்சியும் தெமோதரைப் பாலமும்தான். உயர்தரத்தில் புவியியல் கற்கும் எனக்கோ அந்த மாவட்டத்தின் சரிவுகளே முதலில் கண்ணில் படுகின்றன.

நமுனுகுல மலை 2,000 மீற்றருக்கும் மேல் உயர்ந்து நிற்கிறது. வடக்கே மஹியங்கனையில் நிலம் மகாவலிச் சமவெளியாகத் தாழ்ந்துவிடுகிறது. இடையில் உமா ஓயாவும் பதுளு ஓயாவும் மலைகளை அறுத்துக்கொண்டு மகாவலியை நோக்கி ஓடுகின்றன.

மழையின் கணக்கும் இங்கே வேறு. தென்மேல் பருவப்பெயர்ச்சிக் காற்று தன் ஈரத்தை மத்திய மலைநாட்டின் மேற்குச் சரிவுகளில் கொட்டிவிட்டு, உலர்ந்த காற்றாக ஊவாவுக்குள் இறங்குகிறது. ஊவாத் தேயிலையின் தனிச் சுவைக்கு அந்தக் காற்றே காரணம். ஒக்டோபர் பிறந்ததும் நிலைமை மாறுகிறது. தொடர்மழை மண்ணுக்குள் இறங்கி அதன் பாரத்தைக் கூட்டி, பிடிப்பைத் தளர்த்துகிறது. வடிகான்கள் அடைபட்ட சரிவுகளில் ஆபத்து இன்னும் அதிகம்.

2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை, மீரியபெத்த தோட்டத்தில் லயன் வீடுகள் மண்ணுக்குள் புதைந்தன. அந்த இடம் ஆபத்தானது என்று முன்னரே எச்சரிக்கப்பட்டிருந்தது. அப்படியானால் மக்கள் ஏன் வெளியேறவில்லை?

"சொன்னால் கேட்கமாட்டார்கள்" என்று சிலர் எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். நான் இதை ஏற்கவில்லை. எங்கே போவது? லயன் அறை தோட்டத்துக்குச் சொந்தம். காணி உறுதி கையில் இல்லை. வேலையும் பிள்ளைகளின் பாடசாலையும் அந்த மலையிலேயே இருக்கின்றன. போக இடம் காட்டாத எச்சரிக்கை அரை எச்சரிக்கைதான். மழை பெய்வது இயற்கை. ஆபத்தான சரிவின் கீழ் மனிதரைத் தொடர்ந்து குடியிருக்க விடுவது மனிதர் எடுக்கும் முடிவு.

மண்சரிவு அபாய வரைபடங்களைத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் தயாரிக்கிறது. அவை ஒவ்வொரு தோட்டப் பிரிவிலும் தமிழிலும் சிங்களத்திலும் மக்கள் பார்வைக்கு வைக்கப்பட வேண்டும். பாதுகாப்பான இடத்தில் காணியும் வீடும் அவர்களுடைய பெயரிலேயே வழங்கப்பட வேண்டும். மழைக்காலத்துக்கு முன்னரே வடிகான்கள் துப்புரவு செய்யப்பட வேண்டும்.

சமவுயரக் கோடுகளைப் பரீட்சைப் புள்ளிகளுக்காக மட்டும் கற்றால் போதுமா, தோழியரே? அக்கோடுகள் நெருங்கும் இடத்தில் சரிவு செங்குத்தானது என்பது நமக்குத் தெரியும். அங்கே யார் வசிக்கிறார்கள் என்றும் கேட்போம். கற்ற கல்வியும் ஓர் அமானிதம்தான்.