வைகை அணையை வளைத்துப் போட்ட ஜிலேபி மீன்!

ஆண்டிப்பட்டி:
வைகை அணையில் வலை போட்டால் அதிகம் சிக்குவது ஜிலேபி கெண்டைதான். இது நம்ம ஊர் மீன் கிடையாது. பூர்வீகம் ஆப்பிரிக்காவின் மொசாம்பிக்.

மலிவாக மீன் கிடைக்கட்டும் என்று 1952-ல் இந்தியாவுக்குக் கொண்டு வந்தார்கள். மற்ற மீன்களை ஒழித்து விடும் என்று பயந்து 1959-ல் பரப்பத் தடை போட்டார்கள். வைகை அணை திறந்ததும் அதே ஆண்டுதான். தடை காகிதத்தோடு நின்றது. மீன் அணைக்குள் வந்து விட்டது.

இதன் பலமே வாயில்தான். தாய் மீன் முட்டைகளை வாய்க்குள் வைத்துப் பொரிக்கும். ஆபத்து என்றால் குஞ்சுகளும் ஓடிவந்து வாய்க்குள் புகுந்து கொள்ளும். அப்புறம் எந்த மீன் அதைத் தின்பது? 2, 3 மாதத்திலேயே முட்டை போட ஆரம்பித்து விடும். கூட்டம் பெருகி இரை பத்தாவிட்டால் உள்ளங்கை அளவிலேயே நின்று போகும். முட்டை போடுவது மட்டும் நிற்காது. கட்லா, ரோகு குஞ்சுகளை விட்டாலும் அவை இரைக்கு இதனோடு மல்லுக்கட்ட வேண்டும். பொடி மீனுக்கு விலையும் கிடையாது. நஷ்டம் வலை போடுகிறவருக்குத்தான்.

கம்பம் பள்ளத்தாக்குக்குத் தண்ணீர் தரும் தேக்கடி ஏரியிலும் ஜிலேபி புகுந்து விட்டது. பெரியாற்றைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாத மீன்கள் அங்கே உண்டு. அவற்றில் சில இப்போது ஏரியை விட்டு மேலே காட்டு ஓடைகளில் ஒதுங்கிக் கிடக்கின்றன.