நூறு அடித்தவர் மீதா பழி?

தெண்டுல்கர் சதம் அடித்தால் இந்தியா தோற்றுவிடும் என்று ஒரு பேச்சு நெடுநாளாக இருந்து வருகிறது. 2013 நவம்பரில் இதே மும்பையின் வான்கடே மைதானத்தில், தமது 200-வது டெஸ்ட் பந்தயத்தோடு அவர் ஓய்வு பெற்றுவிட்டார். பேச்சு மட்டும் ஓய்வு பெறவில்லை. காலை நேர மின்சார ரயிலிலும், ஆபீசில் மதியச் சாப்பாட்டு வேளையிலும், கிரிக்கெட் என்று வாயைத் திறந்தால் யாராவது ஒருவர் இதைச் சொல்லியே தீருகிறார். "தனக்காக ஆடினார், அணிக்காக ஆடவில்லை" என்பது அதற்கு அடுத்த வரி.

கணக்கு என்ன சொல்கிறது? தெண்டுல்கர் டெஸ்ட் பந்தயங்களில் அடித்த சதங்கள் 51. அவற்றில் இந்தியா வென்றது 20, தோற்றது 11, டிரா ஆனது 20. ஒருநாள் பந்தயங்களில் அடித்தவை 49. அவற்றில் வெற்றி 33, தோல்வி 14. ஒன்று சமநிலையில் முடிந்தது, ஒன்று முடிவில்லாமல் போயிற்று. மொத்தம் நூறு சதங்களில் 53 வெற்றி, 25 தோல்வி. சதம் அடித்தால் தோல்வி என்பது வெறும் வாய்ப்பேச்சு என்பதற்கு இதைவிட வேறு சான்று தேவையில்லை.

ஆனாலும் பேச்சு ஓயாததற்குக் காரணம் உண்டு. வென்ற பந்தயத்தை ஜனங்கள் மறுநாளே மறந்துவிடுகிறார்கள். தோற்றது நெஞ்சில் தங்கிவிடுகிறது. அப்படித் தங்கியவற்றில் முதலாவது 1999-ம் ஆண்டு சேப்பாக்கத்தில் பாகிஸ்தானுடன் நடந்த டெஸ்ட்.

வெற்றிக்கு வேண்டியது 271 ரன். 82 ரன்னுக்குள் ஐந்து விக்கெட் போய்விட்டது. அதற்குப் பிறகு தெண்டுல்கரும் விக்கெட் கீப்பர் நயன் மோங்கியாவும் சேர்ந்து 136 ரன் எடுத்தார்கள். முதுகு வலியோடுதான் தெண்டுல்கர் ஆடினார். 136 ரன் எடுத்த நிலையில் சக்லைன் முஷ்டாக்கின் பந்தைத் தூக்கி அடிக்கப் போய் வாசிம் அக்ரமிடம் பிடி கொடுத்தார். அப்போது இந்தியாவின் எண்ணிக்கை 254. இன்னும் 17 ரன் வேண்டும். கையில் மூன்று விக்கெட் இருந்தது. அந்த மூன்றும் நான்கே ரன்னில் விழுந்தன. 12 ரன்னில் தோல்வி. அந்த வேதனையிலும் சென்னை ரசிகர்கள் எழுந்து நின்று பாகிஸ்தான் அணிக்குக் கை தட்டினார்கள் என்பது தனிப் பெருமை.

இதில் பழி யார் மேல் விழுந்தது? 136 எடுத்தவர் மேல்! அந்த அடியை அவர் அடித்திருக்கக் கூடாது, பொறுத்து ஆடி முடித்திருக்க வேண்டும் என்று சொன்னால் அது நியாயமான விமரிசனம். ஆனால், கடைசி மூவரால் சேர்ந்து 17 ரன் எடுக்க முடியாமல் போனதை விட்டுவிட்டு, முக்கால் தூரம் இழுத்து வந்தவரைச் சுயநலக்காரர் என்பது எந்த ஊர் நியாயம்? வண்டி தாமதமானால் பிரயாணிகள் டிரைவரைத் திட்டுவார்கள். சிக்னல் கிடைக்காமல் வழியில் நின்ற கதையை யாரும் விசாரிப்பதில்லை.

ஹைதராபாத்தில் 2009 நவம்பரில் ஆஸ்திரேலியா 350 ரன் குவித்தது. தெண்டுல்கர் 141 பந்தில் 175 அடித்தும் இந்தியா மூன்றே ரன்னில் தோற்றது. 2011 உலகக் கோப்பையில் நாகபுரியில் தென்னாப்பிரிக்காவுடன் அவர் 111 எடுத்தார். அன்று ஒரு விக்கெட்டுக்கு 267 என்று இருந்த இந்தியா 296-க்குள் சுருண்டது. ஒன்பது பேர் சேர்ந்து 29 ரன்! மூன்று வாரம் கழித்து வான்கடேயில் நடந்த இறுதிப் பந்தயத்தில் அவர் எடுத்தது 18 ரன்தான். கம்பீர் 97, தோனி அவுட் ஆகாமல் 91. கோப்பை வந்தது. அவர் 111 எடுத்த நாளில் தோல்வி, 18 எடுத்த நாளில் உலகக் கோப்பை என்றால், ஒரு ஆளின் ரன்னும் பதினொரு பேரின் வெற்றியும் வேறு வேறு கணக்கு என்றுதானே பொருள்? 2023 உலகக் கோப்பையிலும் இதையே பார்த்தோம். விராட் கோலி 765 ரன் குவித்தார். ஆமதாபாத் இறுதிப் பந்தயத்தில் இந்தியா தோற்றது. அந்த 765 ரன் வீண் என்று யாராவது சொல்வார்களா?

கேப்டனை வெற்றி தோல்வியால் எடை போடலாம். அந்தத் தராசில் தெண்டுல்கர் தேறமாட்டார். 25 டெஸ்ட்களுக்குத் தலைமை தாங்கி நான்கில்தான் வென்றார், ஒன்பதில் தோல்வி. அந்தப் பதவியை அவரே 2000-ல் விட்டுவிட்டார். ஆனால் பேட்ஸ்மேன் வேறு. எதிர் அணியின் இருபது விக்கெட்டையும் அவரே எடுக்க முடியாது.

அப்படியானால் சாதனைப் பட்டியலைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுப் போக வேண்டியதுதானா? அதுவும் இல்லை. 2012 மார்ச் 16-ந் தேதி மிர்பூரில் அடித்த நூறாவது சதத்தை எடுத்துக்கொள்ளலாம். 99-வது சதத்துக்குப் பிறகு ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. டெலிவிஷன்காரர்களும் விளம்பரக் கம்பெனிகளும் ரசிகர்களும் 'எப்போது, எப்போது' என்று அரித்துக்கொண்டிருந்தார்கள். அன்று அவர் 114 ரன் எடுக்க 147 பந்துகள் பிடித்தன. இந்தியா 289 எடுத்தது. வங்கதேசம் ஐந்து விக்கெட்டில் வென்றது. அந்த எண்ணிக்கையைக் காக்க முடியாத பந்துவீச்சுக்கும் தோல்வியில் பங்கு உண்டு. ஆனாலும் அன்றைய ஆட்டத்துக்கு முன்னால் அந்த நூறு என்ற எண் வந்து நின்றுகொண்டது என்பதை அவருடைய அபிமானிகளும் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

கவாஸ்கர் கதை இன்னும் சுவையானது. 1971-ல் முதன்முதலாக மேற்கிந்தியத் தீவுகளுக்குப் போய் நான்கே டெஸ்டில் 774 ரன் எடுத்து, இந்தியா அங்கே முதல் தடவையாகத் தொடரை வெல்ல வழி செய்தவர் அவர். அவரே 1975 உலகக் கோப்பையில், இங்கிலாந்து 334 எடுத்திருக்க, 60 ஓவரும் நின்று 174 பந்தில் 36 ரன் எடுத்து அவுட் ஆகாமல் திரும்பினார். அந்த 36 ரன்னுக்கு இன்றுவரை நல்ல சமாதானம் கிடைக்கவில்லை. எதிரே இருக்கும் இலக்கைப் பாராமல் ஆடினால் அவுட் ஆகாததுகூடக் குற்றம்தான்.

இனி இரண்டு ஆட்டங்களை அருகருகே வைத்துப் பார்க்கலாம். 1975 ஜனவரியில் சேப்பாக்கத்தில் ஆண்டி ராபர்ட்சின் வேகத்தில் இந்தியா 190 ரன்னுக்கு ஆட்டமிழந்தது. அதில் அவுட் ஆகாமல் 97 ரன் விசுவநாத்துடையது. அந்தப் பந்தயத்தில் இந்தியா வென்றது. 1987 மார்ச்சில் பெங்களூரில் பந்து பாம்பாகச் சுழன்ற தரையில், இக்பால் காசிமையும் தவுசீப் அகமதையும் எதிர்த்து நின்று கவாஸ்கர் எடுத்தது 96. அதுவே அவருடைய கடைசி டெஸ்ட். இந்தியா 16 ரன்னில் தோற்றது. 97-ம் சதமில்லை, 96-ம் சதமில்லை. சதப் பட்டியலில் இரண்டுக்கும் இடம் கிடையாது. வெற்றியை வைத்துப் பார்த்தால் ஒன்று உசத்தி, மற்றது மட்டம் என்று ஆகிவிடும். ஆனால் கிரிக்கெட் தெரிந்தவர்கள் இரண்டையும் ஒரே வரிசையில் வைக்கிறார்கள். எந்தத் தரையில், எந்தப் பந்துவீச்சுக்கு எதிரே, எத்தனை விக்கெட் விழுந்த பிறகு என்று பார்த்து எடை போடுவதால்தான் அப்படி.

இது பெரிய ஆட்டக்காரர்களைப் பற்றிய வீண் வம்பு மட்டுமல்ல. மும்பை மைதானங்களில் ஆடும் பையன்களுக்கு இது வாழ்க்கைப் பிரச்சினை. தாராவியிலிருந்தும் கல்யாணிலிருந்தும் பையைத் தூக்கிக்கொண்டு ரயிலில் தொங்கியபடி ஆசாத் மைதானுக்கு வரும் பையனுக்கு, தேர்வாளரிடம் ஒரு வார்த்தை சொல்ல ஆள் இல்லை. அப்பன் மில்லிலோ மார்க்கெட்டிலோ உழைப்பவன். அவனுக்கு ரன்தான் சிபாரிசுக் கடிதம். அவனைப் போய், சாதனைக்காக ஆடாதே, அணிக்காக ஆடு என்று உபதேசிப்பது வயிறு நிறைந்தவர்கள் பேச்சு.

ஆனால் அந்த ரன்னும் முழு உண்மையைச் சொல்வதில்லை. 2016 ஜனவரியில் கல்யாணில் ஆட்டோ ஓட்டுநரின் மகன் ஒருவன் பள்ளிப் பந்தயத்தில் 1,009 ரன் குவித்தான். உலகமே வியந்தது. எதிர் அணிப் பையன்கள் இரண்டு இன்னிங்சிலும் எடுத்தவை 31, 52. அந்தப் பையன் மீது குற்றமில்லை. பந்து வந்தது, அடித்தான். அதே சமயம், ஐந்து விக்கெட் விழுந்த பிறகு உள்ளே போய் 40 ரன் எடுத்து அணியை நிமிர்த்திய பையனின் பெயர் எந்தப் பத்திரிகையிலும் வருவதில்லை. சதம் அடித்தவர்கள் பட்டியலை மட்டும் கையில் வைத்துக்கொண்டு ஆள் பொறுக்கினால் அவன் வெளியேதான் நிற்பான். எத்தனை ரன்னில் எந்த விக்கெட் விழுந்தது என்பது ஒவ்வொரு பந்தயத்தின் ஸ்கோர் புத்தகத்திலும் வரிசையாக எழுதப்பட்டே இருக்கிறது. தேர்வாளர்கள் அதைப் புரட்டிப் பார்க்க ஐந்து நிமிஷம்கூட ஆகாது.