கூச்சத்தை விட்டுப் பரிசோதனைக்கு வாருங்கள்



புற்றுநோய்க்குச் சிகிச்சை முடித்த பெண்களும் அவர்களைக் கவனித்த செவிலியர்களும் சேர்ந்த சிறு குழு நாங்கள். யோனியில் வரும் கட்டிகளைப் பற்றி வெளிப்படையாகவே எழுதுகிறோம். வெட்கப்பட்டு மறைத்து, நோய் முற்றிய பிறகு வந்தவர்களைப் பார்த்துப் பார்த்து மனம் நொந்துவிட்டது.

கட்டி என்றதும் நடுங்க வேண்டாம். அங்கே வரும் நீர்க்கட்டி, நார்க்கட்டி, சிறு சதை வளர்ச்சி ஆகியவை பெரும்பாலும் ஆபத்தில்லாதவை. பிரசவத் தையல் போட்ட இடத்தில்கூட நீர்க்கட்டி வரும். புற்றாகவே இருந்தாலும், பெரும்பாலும் அது கர்ப்பப்பை வாய் போன்ற வேறு இடத்திலிருந்து பரவியதுதான். கட்டி கர்ப்பப்பை வாயையும் தொட்டிருந்தால், கர்ப்பப்பை வாய்ப் புற்று என்றே மருத்துவர்கள் வகைப்படுத்துவார்கள்.

யோனியிலேயே தொடங்கும் புற்று அரிது. பெண் இனப்பெருக்க உறுப்புகளில் வரும் புற்றுகளில் நூற்றுக்கு 1 அல்லது 2தான். அதிலும் பெரும்பகுதி செதிள் செல் வகை. அது பெரும்பாலும் வயதான பெண்களுக்கு வருவது, மனித பாப்பிலோமா வைரஸோடு (எச்.பி.வி.) தொடர்புள்ளது. சுரப்பித் திசு வகை, மெலனோமா, சார்கோமா எல்லாம் அதைவிடக் குறைவு. சார்கோமாவில் ஒரு வகை பெரும்பாலும் ஐந்து வயதுக்கு உட்பட்ட பெண் குழந்தைகளுக்கு வருகிறது. திராட்சைக் கொத்தாகச் சதை வெளியே தெரியும். கர்ப்பிணிகளுக்கு அந்நாளில் கொடுக்கப்பட்ட டை-எதில்-ஸ்டில்பெஸ்ட்ரால் மாத்திரையால், அவர்களுடைய மகள்களுக்கு இளம் வயதிலேயே அரிய சுரப்பிப் புற்று வந்ததை 1971இல் பாஸ்டன் மருத்துவர்கள் கண்டறிந்தார்கள். தாய் விழுங்கிய மாத்திரைக்கு மகள் விலை கொடுத்தாள்.

வகைக்கு ஏற்பச் சிகிச்சை மாறும். ஒன்றுக்குக் கதிர்வீச்சு, இன்னொன்றுக்கு முதலில் மருந்து. எந்த வகை என்பதைப் பயாப்சி (சதைத் துணுக்கை எடுத்துச் சோதிப்பது) செய்யாமல் யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆகவே நாட்டு மருந்து, களிம்பு என்று மாதக்கணக்கில் ஓட்டாதீர்கள்.

"கர்ப்பப்பையைத்தான் எடுத்தாச்சே, இனி என்ன?" என்று கேட்கும் அக்காமார்களே, யோனி அப்படியேதான் இருக்கிறது. கர்ப்பப்பை வாய்க் கோளாறுக்காக எடுத்திருந்தால் தொடர்ந்து பரிசோதனை வேண்டும். புற்றுக்கட்டி அதிகம் வருவது யோனியின் மேல்பகுதியில். சோதிக்கும் கருவியின் தகடுகள் முன்சுவரையும் பின்சுவரையும் மறைத்துவிடும். அதைத் திருப்பியபடியே வெளியே எடுத்தால்தான் சுவர் முழுவதும் தெரியும். முழுதாகப் பார்த்துவிட்டீர்களா என்று மருத்துவரிடம் தயங்காமல் கேளுங்கள்.

மாதவிடாய் நின்ற பிறகு ஒரு துளி ரத்தம் பட்டாலும், உறவுக்குப் பின் ரத்தம் வந்தாலும், துர்நாற்றத்தோடு வெள்ளைப்பட்டாலும் அரசு மருத்துவமனையின் மகளிர் நோய்ப் பிரிவுக்கு உடனே போங்கள். கணவர்மார்களே, பிள்ளைகளே, உங்கள் வீட்டுப் பெண்களைத் தனியே அனுப்பாமல் கூடவே போங்கள். பயாப்சி அறிக்கையைக் கையோடு வாங்கிப் பத்திரப்படுத்துங்கள்.